புதுக்கடை ஷீபாவும் கடலைப் பார்த்த முகமும்

சென்ற டிசம்பரில், அதாவது 2013 முடியும் சமயத்தில், நான் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறியதற்குக் காரணம் ஓர் எரிச்சல். ‘இன்றைய வடிவமைப்பாளர்கள், அவர்களுக்குத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது’ என்று ஓவிய மாணவர்களிடம் பேச ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். ஆசையாக உட்கார்ந்து படங்களைச் சேர்த்தேன். சேர்த்து முடித்துப் பார்த்தால் எல்லாம் லண்டன், பெர்லின், மும்பை. நான் தினமும் தெருவில் பார்க்கிற வேலை ஒன்றுகூட இல்லை. கல்யாண போர்டு, காதுகுத்து போர்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் தானாகவா முளைக்கின்றன? அதையும் ஒருத்தி உட்கார்ந்து செய்கிறாள் அல்லவா?

அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் ஷீபா. கன்னியாகுமரி மாவட்டத்தில், புதுக்கடை சந்திப்பில் ஃப்ளெக்ஸ் போர்டுகளும் கல்யாணக் கார்டுகளும் வடிவமைக்கிற கடை வைத்திருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் இந்த வலைப்பூவில் நான் பெருமையாகப் போட்ட ஒரு லோகோவுக்குக் கீழே, “எழுத்துக்கு மூச்சு முட்டுது அக்கா, கொஞ்சம் காத்து விடுங்க” என்று எழுதியவள் அவள்தான். அன்றைக்குக் கோபம் வந்தது. மறுநாள் எழுத்துகளுக்கு இடையில் காற்று விட்டேன். அதிலிருந்து பழக்கம்.

சென்னையிலிருந்து வெள்ளி மாலை ஏறினால் சனி காலை ஆறரைக்கு நாகர்கோவில். ஸ்லீப்பரில் நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து தக்கலை, கருங்கல் வழியாகப் புதுக்கடைக்குப் பஸ், பத்தொன்பது ரூபாய், ஒன்றரை மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். டிசம்பரில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கும். வாழைத்தோப்பு நடுவில் குடிலுக்குப் புல் பரப்பிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருந்தவர் நான் எல்லா போர்டுகளையும் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “எலக்சன் வேலையா?” என்று கேட்டார். இல்லை, போர்டு பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் தன் பையை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

ஷீபாவின் கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் ரோட்டில்தான் நிற்க வேண்டும். “வந்தாச்சா அக்கா? இரியுங்க. இந்த மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தலமுடி வச்சுக் குடுத்துட்டு வாறேன்” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். உண்மையாகவே வைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஆரம்பித்து ஒவ்வொரு மயிராக.

கூட்டம் குறைந்ததும் கேட்கவேண்டியதைக் கேட்டேன். உனக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய்? அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். “மிட்டாய் டின்னு” என்றாள். சின்ன வயதில் மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவரும் டின்களில் தங்கக் கோடு ஓடும், அதை மூடியிலிருந்து பேனாவால் பார்த்துப் பார்த்து வரைவாளாம். “அப்புறம் பள்ளியில பூசை நடக்கும்போ கண்ணாடி ஜன்னலையே பாத்துட்டு இருப்பேன். அம்ம தொடயில கிள்ளுவா.” (அங்கே பள்ளி என்றால் மாதா கோயில். பள்ளிக்கூடம் வேறு.) சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் தொடையில் கிள்ளிய மாதிரி இருந்தது. என் படத்தொகுப்பில் ஒரு டின்கூடக் கிடையாது.

அன்றைக்கு அவள் கையில் இருந்த முக்கியமான வேலை ஒரு நினைவு போர்டு. தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) புஷ்பம் என்கிற பெண்ணின் கணவர் கல்ஃபில் மீன்பிடி போட்டில் வேலை பார்த்தவர், அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு காலை ஓராண்டுப் பூசை. பள்ளிக்குப் போகிற ரோட்டில் போர்டு கட்ட வேண்டும். போட்டில் கூட்டாளிகளோடு எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் ஷீபா வெட்டி எடுத்திருந்தாள். பக்கத்தில் யாரோ சொன்னதற்கு அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். கன்னத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு மறு.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. போர்டில் நமக்கு இடப்பக்கம் மாதா, வலப்பக்கம் இறந்தவர். நடுவில் பெயரும் வசனமும். இவரோ வலப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். அப்படியே வைத்தால் மாதாவுக்கு முதுகு காட்டி, போர்டுக்கு வெளியே பார்ப்பார். ஷீபா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. ஒரு தட்டு. படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பியது. இப்போது மாதாவைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் தொழிலில் இது பல் விளக்குவது மாதிரி. முகம் எப்போதும் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்த்தால் பார்ப்பவர் கண்ணும் வெளியே போய்விடும். முதல் வருடப் பாடம். பெர்லினிலும் அதுதான், புதுக்கடையிலும் அதுதான். “நல்லா உக்காந்திருச்சு” என்றேன். அவளும் தலையை ஆட்டினாள்.

புஷ்பம் அக்கா பன்னிரண்டு மணிவாக்கில் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஷீபா திரையைத் திருப்பிக் காட்டினாள். “அக்கா, இந்த மறுவ எடுத்துரட்டா? மொகம் கொஞ்சம் தெளிவா இருக்கும்.”

“ஐயோ, அத எடுக்காண்டாம் மக்களே. அது கெடக்கட்டு.” அவ்வளவுதான் சொன்னார். (அங்கே ஒருத்தியை அன்பாகக் கூப்பிட்டாலும் ‘மக்களே’தான்.) கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே “இது மதி மக்களே, போதும்” என்று எழுந்துவிட்டார். ஃபைல் மார்த்தாண்டத்தில் இருக்கும் அச்சகத்துக்குப் போனது. சாயங்காலம் ஐந்துக்குத் தருவதாகச் சொன்னார்கள்.

நடுவில் கிடைத்த நேரத்தில் ஷீபா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திற்பரப்புக்குக் கிளம்பினாள். மார்த்தாண்டம், அருமனை வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், ஷீபா ஓட்டினால் குறையும், ஆனால் உயிர் பயம் சேரும். அருமனை தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினாள். மரத்துக்கு மரம் ஒரே சாய்வில் வெட்டுக்கோடு, கீழே பால் வடிய ஒரு சிரட்டை. எதற்கு நிறுத்தினாள் என்று புரியாமல் நின்றேன். “போன மாசம் நான் அனுப்புன கல்யாணக் கார்டு ஓர்மையிருக்கா? அதுல பின்னால ஓடுத டிசைன் இதாக்கும்.” நான் அதை ஏதோ ஜப்பான் துணி வடிவம் என்று நினைத்து, பாராட்டி வேறு எழுதியிருந்தேன். ஷீபா அதையும் மறக்காமல் சொல்லிக் காட்டினாள். வாய் அடங்காத பெண்.

திற்பரப்பில் நல்ல தண்ணீர். கோதையாறு பாறைமேல் அகலமாக விழுகிறது, பயப்படாமல் தலையைக் கொடுக்கலாம். ஷீபா குளிக்கவில்லை. குளிப்பவர்கள் கம்பியில் காயப்போட்டிருந்த துண்டு, சுடிதார், லுங்கி எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்தாள். கலர் சேர்க்கைக்காம். “யாரும் யோசிச்சுப் போட்டதில்லல்லா அக்கா. அதனாலதான் நல்லா இருக்கு.” நான் தலை துவட்டிய ஆரஞ்சுத் துண்டையும் பச்சைத் துப்பட்டாவுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மார்த்தாண்டத்தில் போர்டை வாங்கிக்கொண்டோம். பாய் மாதிரிச் சுருட்டிய ஃப்ளெக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் அக்கா வீட்டை அடையும்போது மணி ஆறு, இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்னறையில் தரையில் விரித்தோம். அச்சு அருமையாக வந்திருந்தது. ஷீபா என் விலாவில் இடித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து ஆன்சி ஓடிவந்தாள். அவர்களுடைய மகள், மூன்றரை வயது. போர்டைப் பார்த்ததும் “அப்பா!” என்று கத்திக்கொண்டு நேரே அதன்மேல் முட்டி போட்டுக் குனிந்து, முகத்தின் ஒரு பக்கத்தில் வாயை வைத்தாள். உடனே எடுத்தாள். கையால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

“அம்மோ, அப்பாவுக்க மறு எங்க?”

“அங்க இல்ல மக்களே, இங்க இருக்கு பாரு” என்று ஷீபா மறுகன்னத்தைக் காட்டினாள்.

ஆன்சி பார்த்தாள். எழுந்துவிட்டாள். “இது வேற அப்பா” என்றாள்.

உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில், அதே படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பார்க்கிற நமக்கு இடது கைப்பக்கம் மறு. தூங்குவதற்கு முன் அதன்மேல் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாளாம். கல்யாண ஆல்பத்தில் மனுஷன் விறைப்பாக நிற்கிறார், சிரிப்பது இதில் மட்டும்தான், அதனால் இதை மாட்டினேன் என்றார் புஷ்பம் அக்கா. சட்டத்தையும் போர்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கடையில நான் சரியாப் பாக்கல்ல. கண்ணு நெறஞ்சு நிக்கும்போ எந்தப் பக்கம்னு யாரு பாத்தா?”

ஷீபாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “மாதாவப் பாக்கட்டுன்னுதான் அக்கா திருப்புனேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வேன். இதுவரைக்கும் யாரும்…” என்று நிறுத்திக்கொண்டாள். எத்தனை பேரை அப்படித் திருப்பியிருக்கிறாள் என்று கணக்குப் போட்டாள் போல. நானும் போட்டேன்.

கொஞ்ச நாள்தானே, ஊர்க்காரர்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. புஷ்பம் அக்கா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார். “இவ பொறந்த பொறவு அவரு ஒரே ஒருக்கதான் லீவுல வந்தாரு. இவளுக்கு அவருக்க மொகம் ஓர்மையில்ல மக்களே. படத்துல உள்ளதுதான் அப்பா. இத ஒரு வாரம் ரோட்டுல பெருசாக் கட்டுனா, பொறவு எது அப்பான்னு இவ எங்க போய்ப் பாப்பா?”

ஷீபா எழுந்துவிட்டாள். “எனக்க தப்பு. நான் மாத்தித் தாறேன்.”

படத்தைத் திருப்பாமல், மாதாவை வலப்பக்கமும் அவரை இடப்பக்கமும் மாற்றி வைத்தால் என்ன என்று கேட்டேன். தொழில்புத்தி விடுமா? புஷ்பம் அக்கா தலையை ஆட்டினார். “மாதாவ மாத்தாண்டாம். எங்க போர்டு எல்லாத்துலயும் அம்ம நிக்க எடம் அது. அவரு எங்க வேணும்னாலும் பாக்கட்டு. போட்டுல நிக்கும்போ மாதாவப் பாத்துட்டா நின்னாரு? வலையப் பாத்துல்லா நின்னாரு!” அந்த வீட்டில் அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான். புஷ்பம் அக்காவே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

அச்சகத்துக்காரரிடம் ஷீபா ஃபோனில் கெஞ்சிய கெஞ்சலை இங்கே எழுத முடியாது. ‘அண்ணே’ என்பதை அத்தனை விதமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது. கடைக்கு ஓடினோம், படத்தை நேராக்கினோம், அனுப்பினோம். ஞாயிறு விடிகாலை அவள் தம்பி மார்த்தாண்டம் போய்ப் புதுப் போர்டை வாங்கிவந்தான்.

பூசைக்கு முன்னால் பள்ளி ரோட்டில் கட்டினார்கள். நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று, வடிவமைப்பாளர் கண்ணோடு பார்த்தேன். எல்லாம் தப்பு. மாதாவுக்கு முதுகு காட்டி, போர்டுக்கு வெளியே பார்த்துச் சிரிக்கிறார். பார்ப்பவர் கண் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. என் கண்ணும் ஓடியது. அந்தப் பக்கம் ரோடு முடிகிற இடத்தில் கடல். புஷ்பம் அக்கா ஆன்சியைத் தூக்கிப் பிடித்தார். அவள் கை தேடவே இல்லை, நேரே மறுவில் போய் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷீபா அழவில்லை, கயிறு சரியாக இறுகவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் பேசும்போது பெர்லின் படங்கள் பாதியைத் தூக்கிவிட்டேன். மிட்டாய் டின், ரப்பர் மரம், கம்பியில் காயும் துண்டு என்று போட்டேன். கடைசியில் அந்த இரண்டு போர்டுகளையும் புஷ்பம் அக்காவிடம் அனுமதி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சரி என்று கேட்டேன். எல்லாரும் முதலாவதைச் சொன்னார்கள். நல்ல மாணவர்கள். பிறகு ஆன்சியைப் பற்றிச் சொன்னேன். நானும் என் பழைய வேலைகளில் திருப்பிப் போட்ட முகங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அதெல்லாம் யாரோ ஒருவருக்கு அப்பா, அம்மா, மகள்.

போக நினைப்பவர்களுக்கு: புதுக்கடை மட்டும்தான் என்றால் நாகர்கோவிலைத் தாண்டிப் போகும் ரயிலில் ஏறிக் குழித்துறையில் இறங்குவது லாபம், மார்த்தாண்டம் பக்கம். திற்பரப்புக்கு மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், கூட்டம் தாங்காது, பாறையும் வழுக்கும். நினைவு போர்டுகளைப் படம் எடுப்பதானால் அந்த வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் காப்பியும் கிடைக்கும். ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு டிசம்பரில் போகாதீர்கள், பேச நேரம் இருக்காது. நான் போனது என் அதிர்ஷ்டம்.

போன வாரம் ஷீபா ஃபோன் செய்தாள். அந்தப் பக்கம் பழைய ஃப்ளெக்ஸைக் கூரைக்குப் போடுவார்கள், மீன் காயவைக்க விரிப்பார்கள். புஷ்பம் அக்கா அந்தப் புதுப் போர்டிலிருந்து கணவர் முகம் உள்ள துண்டை மட்டும் வெட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாராம். அதில் மறு இருந்த இடம் தேய்ந்து, மை போய், வெள்ளையாகிவிட்டதாம். புதிதாக ஒன்று அடித்துத் தரட்டுமா என்று ஆன்சியிடமே கேட்டிருக்கிறாள் ஷீபா.

“வேண்டாம், நான் முத்தி முத்தித்தான் போச்சு” என்றாளாம்.