காலைக் குறுக்கே வைக்காதே

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், ரோஸ் அக்கா, எங்கள் தமிழ் ஜெபக்குழுப் பெண்கள் ஆறு பேர், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நான்கு பாடகிகள், மண்டபத்துக்குப் பொறுப்பாகக் கதவடியில் கைகட்டி நின்ற சேர்ச் வார்டன். வேறு ஒருவரும் இல்லை. என் கணக்குப் பிசகாது.

எழுபதுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய நோபல் பார்க் என்ற ஊரில். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை... தரை கூட்டும் தும்புத்தடியின் காம்பால் ஒரு பாடகி மரத்தரையில் 'டொக் டொக்' என்று இடிக்கும் சத்தம்.

தமிழில் ஜெபிக்க எங்களுக்கிருந்த ஒரே இடம் அந்த மண்டபம். ஆட்டம் என்று ஏதும் நடந்தால் சாவியைத் திருப்பித் தரவேண்டும் என்று வார்டன் முன்பே சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் குல்லா என்ற கறுப்பினத்தவர். அமெரிக்கக் கடலோரத் தீவுக்காரர். அடிமைக் காலத்தில் எசமான்கள் அவர்களுடைய மேளத்தைப் பறித்துவிட்டார்களாம். அதனால் தடியால் இடித்துத் தரையையே மேளமாக்கி, கைதட்டி, வட்டமாகச் சுற்றி ஜெபித்தார்களாம்.

எங்களையும் வட்டத்துக்குள் இழுத்தார்கள். எனக்குப் பழக்கம் கும்மிதானே... கால் தானாகக் குறுக்கே போனது. மூத்த பாடகி என் தோளைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னார். ரோஸ் அக்கா விளங்கப்படுத்தினா.

"காலைக் குறுக்க வைக்காதையாம் பிள்ளை. குறுக்க வைச்சா டான்ஸாம். நிலத்தில இழுத்து வைச்சா ஜெபமாம்."

பிறகு அதே தட்டலுக்கு எங்கள் கீர்த்தனையைப் பாடினோம். வார்டன் லைட்டை அணைத்தார்.

"நோ டான்ஸிங். கிவ் மீ த கீ," என்று சாவிக்குக் கை நீட்டினார்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். ஆனாலும் வாய் திறந்தேன்.

"சேர், லுக் மை ஃபீட். நோ குரொஸ். நோ டான்ஸ். பிரேயர்."

அரையிருட்டிலேயே மறுபடி சுற்றத் தொடங்கினேன். "இவளுக்கு எங்கையிருந்து இங்கிலிஸ் வந்தது?" என்றபடி ரோஸ் அக்கா பின்னால் வந்தா. பாட்டு முடியும்வரை வார்டன் எங்கள் கால்களையே பார்த்தார். ஒன்றும் குறுக்கே போகவில்லை. பிறகு லைட்டைப் போட்டார். சாவியைக் கேட்கவில்லை.

போன கிழமை பேத்தி ஃபோனில் காட்டினாள். அந்தத் தீவுகளின் இளம் பாடகர்கள்... அதே தடி, அதே வட்டம், குறுக்கே போகாத கால்கள். அவர்கள் விடவில்லை.

நாங்கள்? "அன்ரி, லைவ்ஸ்ட்ரீமுக்குக் கைதட்டல் டிஸ்டர்ப். ரெக்கோர்ட் பண்ணின ட்ராக் போடுவம்," என்கிறது எங்கள் கமிட்டி. அன்றைக்கு நிறுத்தச் சொன்னவர் வெள்ளைக்கார வார்டன். இன்றைக்குச் சொல்வது நாங்கள் பெற்ற பிள்ளைகள்.

புதுச் சேர்ச்சில் கார்ப்பெட். தடி சத்தம் போடாது. அதனால் வாற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெளி விறாந்தையில் சுற்றப் போகிறேன். முழங்கால் நோகத்தான் செய்யும். தும்புத்தடியை நான் கொண்டுவருகிறேன்.

யார் யார் வருகிறீர்கள்? வியாழனுக்குள் நம் ஜெபக்குழுவின் இந்த ஃபோன் குரூப்பிலேயே பதில் போடுங்கள்.