மரகதத்தைப் பார்க்கப் போன பவுனம்மாள்

மண்ணச்சநல்லூர் அரிசி மில் களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் கிளறிவிடும் பெண்களில் பவுனம்மாளுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு: யானை வீட்டம்மா. அவள் புருஷன் சின்னையா, மில் முதலாளியின் யானைக்குப் பாகன். முதலாளி வீட்டு யானை என்றதும் ராஜபோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாண ஊர்வலமோ கடை திறப்போ இல்லாத நாளில் அது திருச்சி கடைத்தெருவில் தும்பிக்கையை நீட்டிக் காசு வாங்க வேண்டும். தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கெட்டிக்காரரின் சட்டம்.

அந்தச் சோற்றை உருட்டி ஊட்டியவள் பவுனம்மாள். மரகதம் என்ற அந்த யானை குட்டியாக வந்த வருஷம்தான் அவளும் கல்யாணமாகி வந்தாள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அரிசியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, கவளம் கவளமாக யானை வாயில் வைப்பாள். வைக்கும்போது ஓயாமல் பேசுவாள். கட்டின புருஷனிடம் இவ்வளவு பேசியிருப்பாளா என்று களத்தில் கேலி செய்வார்கள். பேசியதில்லைதான்.

எழுபத்தேழாம் வருஷம் சின்னையா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். தார் ரோட்டில் நடந்து நடந்து மரகதத்தின் முன்னங்காலில் வந்த புண்ணும் புழு வைத்துவிட்டது. இனி அதனால் சல்லிக்காசு வராது என்றதும் முதலாளிக்குக் கருணை பிறந்தது. முக்கொம்பைத் தாண்டி யாரோ புண்ணியவான்கள் நடத்திய யானைக் காப்பகத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, தர்மவான் என்று பேரும் வாங்கிக்கொண்டார்.

முதல் வாரமே பவுனம்மாள் போய்ப் பார்த்தாள். மரகதம் பிளிறிக்கொண்டு ஓடிவந்து அவள் தலையையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தது. அவள் வீடு திரும்பிய பிறகுதான் வினை. யானை ஒரு தழையைக்கூடத் தொடவில்லை. மருந்து போடப் போன புதுப் பாகன் அப்துல் சலாமைத் தள்ளிவிட்டதில் அவருக்குக் கை முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு அவரே களத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தாலும் பவுனம்மாள் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவர் தணிந்த குரலில் பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. யானை கை மாறினா பழைய வீட்டு ஆளுங்க மொகத்தக் காட்டக்கூடாது. பேரக்கூட மாத்திடுவோம். அது ஒங்களயே நெனச்சுக்கிட்டு இருந்தா மருந்து போட விடாது, செத்துப்போயிடும். நான் சொல்லி அனுப்புற வரைக்கும் வராதீங்க.”

“அது பொழச்சாப் போதுங்க,” என்றாள்.

ஆறு வருஷம் ஓடியது. முக்கொம்புக்குப் போய்வருகிறவர்கள், “புண்ணு ஆறிடுச்சு, நல்லா தளதளன்னு இருக்கு” என்பார்கள். யார் யாரோ பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா என்று அவளுக்கு வயிறு எரியும். “யானை மறக்குமா? ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருக்கும்” என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் தெளியும். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் ஒற்றை ஆளாக உலை வைத்து, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டாள்.

எண்பத்துமூன்றில் அப்துல் சலாம் அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஆடிப்பெருக்கன்று பக்கத்து வீட்டு அழகம்மாளோடு பஸ் ஏறினாள். அழகம்மாள் காவேரியில் தலை முழுக இறங்கிக்கொள்ள, பவுனம்மாள் மட்டும் காப்பகத்துக்குப் போனாள். திருநாள் கூட்டம் அங்கேயும் இருந்தது.

“தலையில முந்தானையப் போட்டுக்குங்க. இந்தப் புளியமரத்துக்கிட்ட கூட்டத்தோட நில்லுங்க. வாயத் தொறக்காதீங்க. எப்படி இருக்குன்னு பாத்துக்கலாம்,” என்றார் சலாம்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னைத் தெரிந்துகொண்டு மறுபடியும் பட்டினி கிடந்துவிடுமோ என்று பயந்தாள்.

குளித்துவிட்டு மரகதம் வந்தது. நடையில் நொண்டல் இல்லை. மரத்தடியில் நின்று தும்பிக்கையை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தும்பிக்கை அவளை விட்டுவிட்டு, அடுத்து நின்றவர் கையிலிருந்த வாழைப்பழத்துக்குப் போயிற்று.

சலாமுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கூப்புட்டுப் பாருங்கம்மா. பயப்படாதீங்க.”

“மரகதம்,” என்றாள். பிறகு, கவளம் ஊட்டும்போது கூப்பிடும் அதே ராகத்தில் மறுபடி கூப்பிட்டாள். “மரகதம், நான்தான்டி வந்திருக்கேன்.”

யானை பழத்தை மென்றுகொண்டிருந்தது. சலாம் “பாக்கியம்” என்று அழைத்ததும் காதை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தது.

“மறந்துடுச்சும்மா! இனிமே பயமில்ல. நீங்க எப்ப வேணா வரலாம், வாராவாரம் வாங்க,” என்றார் அவர். அந்த மனுஷன் நல்ல சேதியாகத்தான் சொன்னார். பவுனம்மாள் சரி என்று தலையை ஆட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் அழகம்மாள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். “ஒன்ன அடையாளம் தெரிஞ்சுதாக்கா?”

“தெரியாம இருக்குமா? ஒரே பிளிறல். முந்தானையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேனுது,” என்றாள் பவுனம்மாள். “அதான், இனிமே வரவே வராதீங்கம்மான்னு சொல்லிட்டாங்க.”