மச்சான் போட்ட பிளான்

"கையெழுத்தை மட்டும் வை புள்ள, வேற ஒண்டும் பார்க்கத் தேவையில்ல" என்று மாமா சொன்னதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பார்க்காமல் கையெழுத்து வைப்பதற்கா இத்தனை வருடம் படித்தேன்? வாய்வரை வந்ததை மாமி தந்த தேத்தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பிளானைக் கையில் வாங்கினேன்.

மாமாவின் மகள், என் மச்சாளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; வீடு எழும்பாமல் தாலி ஏறாது. கட்டிக் கொடுப்பது அண்ணன்காரனின் பொறுப்பு. அந்த அண்ணன், என் மச்சான், ஆஸ்திரேலியாவில் கட்டடப் பொறியியலாளர். தங்கச்சிக்கு வீடு முடியும்வரை தனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறவர். சனி ஞாயிறுகளில் குந்தியிருந்து அவரே வரைந்த பிளான் அது. கோடுகள் அவ்வளவு சுத்தம். மூலையில் அவர் பெயர், பதிவு இலக்கம், முத்திரை. அந்த முத்திரை அவர் இருக்கிற மாநிலத்தில் செல்லும், வீடு எழும்பப் போகிற கொக்கட்டிச்சோலையில் செல்லாது. இங்கே பதிவுள்ள பொறியியலாளர் ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் அனுமதி என்று பிரதேச சபையில் சொல்லிவிட்டார்கள். குடும்பத்தில் அப்படி ஒருத்தி நான்தான்.

"அவனுக்கிட்ட சொல்லிராத" என்றார் மாமா. "தன்ட பிளானை இன்னொராள் பார்க்கிற எண்டா அவன்ட மனம் நோகும்."

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது: ஒரு பொறியியலாளரின் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பதானால் அவருக்கு அறிவித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கள்ளத்தனமாகப் பார்ப்பது மரியாதை இல்லை. அதுவும் அந்த மனுசனின் வேலையை!

வீட்டுக்கு வந்து கணக்குகளைப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கம்பி, சீமெந்து, தூண் எல்லாம் சரி. அப்படியென்றால் கையெழுத்தை வைக்க வேண்டியதுதானே? முடியவில்லை. பேனையை எடுப்பேன், வைப்பேன். உலையில் அரிசி போட்டதை மறந்து குழைய விட்டேன். அத்திவாரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாமா காலையில் போனில் கோல் எடுப்பார், மத்தியானமும் எடுப்பார். "என்னகா, வச்சிட்டியா?" வீடு கட்டுகிற வளவைப் பார்க்காமல் வைக்க மாட்டேன் என்று ஒருநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தால் போனேன். வாவிக் காற்று ஆளையே தள்ளியது.

வளவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வட்டை வயலோடு ஒட்டின பள்ளக் காணி அது. மண் சோதிக்கக் குழி வெட்டிய நாளில் நானும் போயிருந்தேன்; றோட்டிலிருந்து கீழே குதித்துத்தான் இறங்கினோம். இப்போது றோட்டை விட உயரமாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சிவப்புக் கிறவல் மண் பரவிக் கிடந்தது. அதன் மேல் மேசன்மார் கட்டையடித்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடி?" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "டிப்பர் டிப்பராக் கொண்டு வந்து பறிச்சம். மாரியில றோட்டை மூடி வெள்ளம் போனாலும் என்ட மகள்ட வாசலுக்கு வராது."

"மச்சானுக்குச் சொன்னீங்களா?"

"இதையும் சொல்லணுமா? வளவை உயர்த்தாம ஆருகா இங்க வீடு கட்டுறான்?"

அம்மாளே! அத்திவாரக் குழி நில மட்டத்திலிருந்து நாலடி ஆழம் என்று பிளானில் இருந்தது. மச்சான் மனதில் வைத்த நிலம் பழைய பள்ளக் காணி. மேசன் அளக்கப் போவதோ இந்தக் கிறவலின் மேலிருந்து. நாலடி தோண்டினாலும் பழைய மண்ணைத் தொடாது. முழு வீடும் புதிதாகக் கொட்டிய கிறவலின் மேல் நிற்கும். மூட்டையில் போட்ட நெல்லைக் குலுக்கினால் இறங்குகிற மாதிரி, ஒரு மாரித் தண்ணீரில் அது இறங்கும். சுவர் பிளக்கும். மச்சாள் புதுப்பெண்ணாகக் குடியிருக்கப் போகிற வீடு!

இனி மாமா சொன்னார் என்று மச்சானுக்கு மறைத்து என்ன? வேலியோரம் நின்று கோல் எடுத்தேன்.

"மச்சான், உங்கட பிளானை நான் பார்த்தன். சபைக்கு இங்கத்தைய கையெழுத்து வேணுமாம்."

மச்சான் வெடித்தார். "ஆரைக் கேட்டுப் பார்த்த நீ? இங்க பாலத்துக்கே என்ட கையெழுத்து செல்லுது. என்ட தங்கச்சிட வீட்டுக்குச் செல்லாதா?"

"அங்க செல்லும். இங்க செல்லாது."

"ஓகோ! அப்ப மச்சாள் எனக்கு மார்க்ஸ் போடுறா. எத்தின போட்ட?"

எனக்கும் ஏறிவிட்டது. "உங்கட கணக்கில ஒரு பிழையும் இல்ல. நீங்க கணக்குப் போட்ட நிலம்தான் இப்ப இல்ல!" என்று கத்தி, வீடியோவைப் போட்டு வளவுப் பக்கம் திருப்பினேன்.

"என்ன அது சிவப்பா?"

"கிறவல். மாமா பறிச்சது."

"எவ்வளவு உயரம்?"

வேலிக்கு அப்பால் பழைய மண்ணில் இறங்கி நின்று காட்டினேன். கிறவல் என் தோளுக்கு வந்தது.

"நீ கையெழுத்து வைக்காத" என்றார் மச்சான். "அங்க வர ஏலாம இருக்கிறவன் பிளான் போட்டதே பிழை. நீயே புதுசா ஒரு பிளான் கீறு."

"நான் கீறினா என்ட பேர்தான் வரும் மச்சான்."

"என்ட பேர்?"

"வராது."

"சரி விடு. தங்கச்சிட வீடு விழாம இருந்தாக் காணும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதேன். எனக்கு ஏன் அவ்வளவு அழுகை வந்ததோ தெரியாது.

அத்திவாரத்தை ஆழமாக்கி நான் புதிதாகக் கீறினேன். மேலே அறைகளையும் யன்னல்களையும் தொடவில்லை; அவர் போட்டபடியே விட்டேன். குறித்த நாள் தவறிப் போனதில் மாமா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் எண்டான். நான் ரெண்டையும் ஒண்டாச் செய்யிறன், இடையில இவள்" என்று மாமியிடம் சொல்லித் திரிந்தாராம்.

அடுத்த நல்ல நாளுக்கு முன்னமே பெக்கோ மெஷின் வந்து தோண்டிவிட்டது. மேலே சிவப்பு, நடுவில் வட்டையின் கறுப்பு, அடியில் இறுகின மஞ்சள் மண். குறித்த நாளில் ஐயர் காத்திருக்க, மேசன் என்னைக் கேட்டார்: "ஆழம் போதுமா மிஸ்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த போனை மாமாவிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏணியால் குழிக்குள் இறங்கினேன். கம்பியால் மண்ணைக் குத்திக் காட்டினேன்.

"மச்சான், போதுமா?"

"இன்னொருக்காக் குத்து."

ஊன்றிக் குத்தினேன். கம்பி இறங்கவில்லை.

"போதும்" என்றார். "அத்திவாரத்தைப் போடச் சொல்லு."

மேலே மாமா ஐயரிடமும் வந்திருந்த சனத்திடமும் பெருமையாகச் சொல்வது கேட்டது: "எல்லாம் என்ட மகன் போட்ட பிளான்." சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவர் மாதிரி குழிக்குள் எட்டி என்னைப் பார்த்தார். போனுக்குள் மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமா" என்றேன், மேலே நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "மச்சான் போட்ட பிளான்தான்."