லண்டன் மிஸ்ஸும் பாண் ஓட்டோவும்

கல்லடியில வீட்டில இருந்துகொண்டு சீனாப் பிள்ளைகளுக்கு ஒன்லைன்ல இங்கிலீஷ் வாசிப்பு டெஸ்ட் வைக்கிறன், தெரியும்தானே.

இண்டைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு பத்துக் கேள்விக்கும் சரியாச் சொல்லிட்டு. போன கிழமை நாலுதான் சரி.

எனக்குச் சந்தேகம் வந்திட்டு. கமராவைத் திருப்பச் சொன்னன். மேசையில ஒண்டுமில்ல. கேள்வியை நான் வாசிச்சு, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லச் சொன்னன். அப்பவும் சரி.

"ஆரும் பக்கத்தில இருந்து சொல்லித் தாறாங்களா?"

"இல்ல மிஸ். நானும் ஒண்டு கேட்கவா?"

"கேளுங்க."

"நீங்க லண்டன்ல இருக்கிறதாக் கம்பனி சொல்லுது. ஆனா ஒவ்வொரு நாளும் இந்த நேரம் உங்கட றோட்டில ஒரே பாட்டு வருது. உடனே நீங்க மைக்கை மூடிப்போட்டு ஓடுறீங்க. திரும்பி வரக்குள்ள கையில பாண், அதான் பிரெட், இருக்கு. லண்டன்ல அப்பிடியா மிஸ்?"

வாசிப்புப் பந்தியில சொல்லாததையும் ஊகிக்க வேணும் எண்டு அதுக்குப் படிப்பிச்சதே நான்தான்.

பிள்ளையில இருந்த சந்தேகம் எனக்குப் போயிட்டு. இப்ப அதுக்கு என்னில வந்திட்டு.

கல்லடியில பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்க வாற ஓட்டோக்காரரை ஆருக்கும் தெரியுமா? கிளாஸ் முடியுமட்டும் மற்ற ஒழுங்கையால போகச் சொல்லுங்க. ஆனா ரெண்டு பாண் எனக்கு எடுத்து வைக்கட்டும்.