பதினொரு பேர் ஒப்பமிட்ட இணையத்தளம்

கிண்ணியாவில் அபூதாஹிர் மேசன் கட்டிய கிணறு எதுவென்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. கட்டின்மேல் சீமெந்து காயுமுன் ஆணியால் தன் பெயரைக் கீறிவிடுவார். வேலை கோணலாகிப் போனால் மட்டும் கீறமாட்டார். அப்படிப் பெயரில்லாத கிணறு ஊரில் இரண்டு உண்டு. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் சுற்றுவழியில் போவார்.

அவருடைய மகள் சுஹைராவும் கட்டுகிறவள்தான், இணையத்தளம். நான்கு வருடமாக ஒரு கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே நாற்பத்தொரு தளம் கட்டிக் கொடுத்தாள். நோர்வேயில் ஒரு பல் வைத்தியர், டுபாயில் ஒரு கதிரை வியாபாரி என்று உலகமெல்லாம் அவள் கைவேலை. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. போட்டால் பல் வைத்தியருக்கே பல் வலிக்கும் என்று கம்பனி பயந்ததோ என்னவோ. "இதில எது நீ செஞ்சது?" என்று வாப்பா கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும்.

ஆகவே 2013இல் நிலாவெளிப் படகுச் சுற்றுலாச் சங்கம் ஒன்று தளம் கேட்டபோது, அடியில் தன் பெயர் இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். சங்கத் தலைவர் கனகரத்தினம் பெருமனதோடு தலையாட்டினார்.

பெருமனது அத்தோடு தீர்ந்துபோயிற்று. சங்கத்தின் ஒரே கணினி பூப்போட்ட துணி போர்த்தி மரியாதையாக வீற்றிருந்தது. அதிலிருந்த உலாவி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறு; உலகம் கைகழுவிவிட்ட கிழடு. புதிதாக ஒன்றை ஏற்றவும் அனுமதியில்லை. முன்பு யாரோ எதையோ புதுப்பித்ததில் பிரிண்டர் மூன்று மாதம் கோபித்துக்கொண்டிருந்ததாம்.

சுஹைராவின் தளத்தை அந்தக் கிழடு திறந்த அழகே தனி. முகப்பில் துள்ளவேண்டிய டொல்பின் சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது. ஓரத்தில் அவள் விட்ட இடைவெளியை உலாவி தாராள மனதோடு இரட்டிப்பாக்கியது. இடம் போதாமல் படகுப் படங்களெல்லாம் கீழே சரிந்துவிட்டன.

"என்ன பிள்ளை, எல்லாம் விழுந்து கிடக்கு?" என்றார் தலைவர்.

"உங்கட உலாவி பழசு ஐயா. போன்ல பாருங்க, வடிவா இருக்கும்."

"சங்கத்தின்ட கணினி இதுதான். சங்கம் பார்க்கிறதும் இதிலதான்."

மூன்று வாரம் கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் போய் வந்தாள். ஒன்றைத் தூக்கி நிறுத்தினால் மற்றது விழுந்தது. கடைசியில் ஒரு தந்திரம் செய்தாள். அந்தக் கிழட்டு உலாவிக்கு மட்டும் புரிகிற வரி ஒன்றை உள்ளே எழுதி, அது திறந்தால் வேறொரு பக்கம் தோன்றும்படி வைத்தாள். பள்ளிக்கூட நேரசூசிபோல முழுக்கக் கட்டம் கட்டமான பக்கம். தலைவர் ஆசைப்பட்டபடி "நல்வரவு" சிவப்பெழுத்தில் வலமிருந்து இடமாக ஓடியது. ஒரே ஒரு கணினியில் தெரியப்போகிற அசிங்கம்தானே என்று கேட்டதையெல்லாம் செய்தாள். உலகத்துக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று. தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளுக்கே புல்லரித்தது.

தலைவருக்கு வாயெல்லாம் பல். அதை ஆறு பக்கமாகப் பிரிண்டரில் எடுத்து நிர்வாக சபைக்கு வைத்தார். பக்கத்துக்குப் பதினொரு ஒப்பம். "தளம் இப்பிரதியில் உள்ளவாறே இருக்கும்" என்று கூட்டக் குறிப்பிலும் ஏறிற்று. இணையத்தளத்தைக் கடதாசியில் நிறைவேற்றிய பெருமை அந்தச் சங்கத்தையே சேரும்.

திறப்பு விழாவுக்கு யாரோ புது மடிக்கணினி கொண்டுவந்தார்கள். திரையில் நீலக்கடல் விரிந்தது, டொல்பின் துள்ளியது. சனம் கைதட்டியது. தலைவர் மட்டும் ஒப்பமிட்ட பிரதி இருந்த ஃபைலோடு எழும்பினார்.

"இது எங்கட தளம் இல்லை."

சுஹைரா அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னாள். அது இன்னும் மோசமாயிற்று.

"அப்ப எங்களுக்கு ஒண்டு, ஊருக்கு ஒண்டா? எங்களை ஏமாத்தினீங்களோ பிள்ளை?"

ஏமாற்றியது உண்மைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மண்டபத்து மூலையிலேயே இருந்து நல்ல பக்கத்தைத் தன் கையாலேயே அழித்தாள். இனி உலகம் முழுவதற்கும் நேரசூசிதான்.

"என்ட பேரையாவது எடுத்துடுறன் ஐயா," என்று கெஞ்சினாள்.

அவர் ஆறாம் பக்கத்தைப் புரட்டி, அடியில் விரலை வைத்தார். "உங்கட பேரும் தீர்மானத்தில இருக்கு. எடுக்க ஏலாது."

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது வாப்பா போனில் தளத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். விரலால் மேலும் கீழும் தள்ளி, கட்டம் கட்டமாக, சுவர் பார்க்கிற கண்ணால் பார்த்தார். அடியில் "ஆக்கம்: சுஹைரா அபூதாஹிர், கிண்ணியா" என்ற இடத்தில் விரல் நின்றது.

"மகள்," என்றார் பிறகு, "இதில ஏன் பேரை எழுதின?"