பேய்ப் படத்துக்கு உறுமி

பெரியண்ணன் மகன் முத்துக்கருப்பன் (1941–2008).

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் அவர் பால் வெட்டினார். அம்மன் திருவிழாவில் உறுமி அடித்தார். ஐம்பத்தேழாம் வயதில் மூன்றாவது வேலையொன்றும் வந்து சேர்ந்தது.

கடைவீதியில் புகைப்பட நிலையம் வைத்திருந்த செல்லத்துரைக்குப் பழைய படங்களின் மீது தீராத பித்து. கொழும்பிலிருந்து அவர் கொண்டுவந்த படமொன்றில் பேச்சில்லை, பாட்டில்லை. ஆற்றில் மாண்ட ஒருவன் பேயாகித் தன் வீட்டைத் தேடி நடந்து வந்து, இறுதியில் ஆற்றுக்கே திரும்பும் கதை. இத்தகைய படங்களை, திரையருகே ஆள் அமர்ந்து வாத்தியம் வாசிக்கத்தான் அந்தக் காலத்தில் காட்டுவார்களாம். உறுமித் தோலை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் முனகல் பேய்க்கென்றே பிறந்தது என்று சொல்லி அவர் முத்துக்கருப்பனை அழைத்தார்.

முத்துக்கருப்பன் படத்தை மூன்று முறை பார்த்தார். பேய் நடக்கும் நடைக்கு உறுமியில் எந்த அடியைப் போட்டாலும் பொருந்தவில்லை. திருவிழாவில் சாமியை அழைக்கும் அடி மட்டும் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. பேய் ஆற்றில் இறங்கும் கடைசிக் காட்சியில் ஓசையே கூடாது என்பது செல்லத்துரையின் கண்டிப்பு. அதற்கும் தலையாட்டினார்.

மனத்தில் ஒரு முள் மட்டும் இருந்தது. அண்ணன் மனைவி மருதாயிக்கு ஆண்டுதோறும் அந்த அடியில்தான் அருள் வரும். அந்த ஆண்டு அவர் நெஞ்சு வருத்தத்தால் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டிருந்தார். உடம்பை அலட்டவே கூடாதென்று டொக்டர் எச்சரித்திருந்தார். ஆகவே படத்துக்கு வரவேண்டாமென்று முத்துக்கருப்பன் நேரில் போய்க் கேட்டுக்கொண்டார்.

“ஏன் கொழுந்தனாரே, பேய்ப் படத்துக்குச் சாமி டிக்கட் எடுத்துக்கிட்டு வருமாக்கும்?” என்று மருதாயி சிரித்தார்.

முத்துக்கருப்பனுக்கும் அது நியாயமாகவே பட்டது. கற்பூரம் இல்லை, வேப்பிலை இல்லை. சினிமாக் கொட்டகையில் சாமிக்கு என்ன வேலை?

1998 ஜூன் 14, ஞாயிறு பிற்பகல். தோட்டத்து மண்டபத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த விருந்தினர் இருவர் முன்வரிசையில் இருந்தனர். பேய் நடக்கத் தொடங்கியது, உறுமி முனகியது. பேய் வாசலை நெருங்கிய வேளையில், நான்காம் வரிசையில் மருதாயி எழுந்து நின்றார். கொண்டை அவிழ்ந்து விழுந்தது, உடம்பு உதறியது.

அடியைச் சட்டென்று நிறுத்தினால் அருள் வந்தவர் அப்படியே விறைத்து விழுவார். அவ்வாறு விழுந்தவர்களை முத்துக்கருப்பன் கண்டிருக்கிறார். உறுமியோடு எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, அவர் மருதாயியின் எதிரே போய் நின்றார். சாமியை மலையேற்றும் அடிக்கு மாறி, கையை மெல்ல மெல்லத் தணிக்கலானார்.

திரையில் பேய் ஆற்றை அடைந்துவிட்டது. செல்லத்துரை ஓடிவந்து காதோடு சொன்னார்:

“நிப்பாட்டுங்க அண்ணே. இந்த எடம் சத்தமில்லாம இருக்கணும்.”

“கூப்பிட்டவன் நானுங்க. நான்தான் அனுப்பணும்.”

படம் முடிந்தது. வெறுந்திரையின் வெள்ளை வெளிச்சத்தில் உறுமி தொடர்ந்தது. ஒருவரும் இருக்கையை விட்டு அசையவில்லை. கடைசியில் மருதாயியின் தோள்கள் தளர்ந்தன. முகத்தில் தண்ணீர் தெளித்து நாற்காலியில் அமர்த்தினார்கள். மூச்சு சீரான பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்:

“அந்தப் பேய் கடைசியில என்னாச்சு?”

அதைக் கேட்ட பிறகே முத்துக்கருப்பன் உறுமியைத் தோளிலிருந்து இறக்கினார்.

விருந்தினர்களோ எல்லாமே நிகழ்ச்சியின் பகுதி என்று எண்ணிவிட்டார்கள். அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்கு வரவேண்டும், அதே அடியை வாசிக்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். செல்லத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. முத்துக்கருப்பன் மட்டும், இனிப் படத்துக்கு அந்த அடியைத் தொடமாட்டேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். அந்த அடி இல்லாத உறுமி கொழும்புக்குத் தேவைப்படவில்லை.

அதன் பின்னர் பேயின் நடைக்கென்று தாமே புதிதாக ஓர் அடியைக் கட்டினார். அது நொண்டிப் பேய்க்குத்தான் பொருந்தும் என்று செல்லத்துரை குறைபட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் ஆண்டுதோறும் அழைத்தார். விளக்கை அணைக்கும் முன், அருள் வருகிறவர்கள் யாரும் உண்டா என்று முத்துக்கருப்பன் சபையைக் கேட்பார். மருதாயி கையை உயர்த்திக் காட்டிவிட்டு, கடைசிவரை அமர்ந்து பார்ப்பார், ஒருமுறையேனும் எழுந்ததில்லை.

முத்துக்கருப்பன் அந்தப் படத்துக்குக் கடைசியாக உறுமி வாசித்தது 2006 ஓகஸ்ட் 19, சனிக்கிழமை.