கை வைத்தால் ஒழுகும் கித்தான்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு கித்தான் கூடாரம் சுருட்டிக் கிடக்கிறது. பரண் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சிமென்ட் பலகைதான். அதில் முக்கால் பங்கை இந்த மூட்டையே அடைத்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதை முறைப்பார். "இத்தத் தூக்கிப் போட்டா வூட்ல பாதி சாமான் அடங்கிடும்" என்பார். அடங்கும்தான், யார் இல்லை என்றது? ஆனால் அதைப் பிரித்தால் உட்பக்கம், கூரை சரிந்து இறங்கும் இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு கறை தெரியும். மேலே ஓரிடத்தில் தொடங்கி, ஓரம்வரை லேசாக வளைந்து இறங்கும் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை.

அது என் பெரியம்மா தேர்ந்தெடுத்த கூடாரம். அம்மாவின் அக்கா. திண்டிவனத்தில் இருந்தார். பெரியப்பாவுக்கு ஊரை ஒட்டிய ரயில்வே கேட்டில் வேலை. பிள்ளை இல்லாத வீடு என்பதால் லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். பெரியப்பா நன்றாக இருந்த காலத்தில், பழைய மிலிட்டரிச் சாமான் விற்கும் ஒருவரிடம் காக்கிக் கித்தானில், இதற்கு முந்தைய கூடாரத்தை வாங்கிவந்தார். மாசி மகத்துக்கு மரக்காணம் கடற்கரை, ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் என்று குடும்பத்தோடு கிளம்பினால் கூடாரமும் பஸ் ஏறிவிடும். மற்றவர்கள் பாய் விரித்து வெட்டவெளியில் படுத்திருக்க, நாங்கள் மட்டும் கலெக்டர் கேம்ப் போட்டதுபோல் உட்கார்ந்திருப்போம். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஒருமுறை கித்தான் கிழிந்தபோது, சாயம் போன பழைய சிவப்புக் கொடித் துணி ஒன்றை வெட்டி அவரே ஒட்டுப் போட்டார். கூட்டத்தில் எங்கே தொலைந்தாலும் அந்தச் சிவப்பைப் பார்த்து வந்துவிடு என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார்.

கூடாரத்துக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் இரண்டுதான். ஒன்று, மழை வரும் அறிகுறி தெரிந்தால் கயிறுகளைத் தளர்த்திவிட வேண்டும். "பருத்திக் கயிறு நனைஞ்சா தானா சுருங்கும். இறுக்கிக் கட்டிட்டு குந்திக்கினு இருந்தீன்னா முளையையே புடுங்கிடும்" என்பார். காற்றடித்தால் யாருக்கும் இறுக்கத்தான் தோன்றும். அவர் அதற்கு நேர்மாறாக, மேகக் கருக்கல் கண்டதும் ஒவ்வொரு கயிறாகத் தளர்த்திக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிவருவார். இரண்டாவது சட்டம், மழை பெய்யும்போது உள்ளே இருந்து கித்தானைத் தொடக்கூடாது. நனைந்த கித்தான் ஒரு சொட்டு விடாது, ஆனால் கை வைத்தால் வைத்த இடத்தில் ஒழுகத் தொடங்கிவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டவரே அதை மீறுவார். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பினதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஒரு விரலைக் கூரையில் வைப்பார். முத்து மாதிரி ஒரு சொட்டு திரளும். பெரியம்மா கத்துவதற்குள் அந்த விரலைக் கித்தானோடு ஒட்டியபடியே ஓரம்வரை இழுத்துவிடுவார். சொட்டு கீழே விழாமல் அந்தத் தடத்திலேயே ஓடி வெளியே போய்விடும். "தண்ணிக்கு வழி காட்டுனா போதும் பாப்பா, அது பாட்டுக்குப் போயிடும்" என்பார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு அவர் மாறிப்போனார். ரயில் வராத நேரத்தில் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து லீவில் அனுப்பினார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். தொடர்ந்து மூன்று அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மனிடம் அழைத்துவருவதாகப் பெரியம்மா வேண்டிக்கொண்டார். மாத்திரையையும் விடவில்லை, வேண்டுதலையும் விடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் செய்தோம். அவர் பேசுவதைக் கேட்பதை நிறுத்திவிட்டோம். தண்ணீர் கேட்டால்கூட, "மாத்திர போட்டுட்டாரா?" என்றுதான் வீட்டில் குரல் வரும்.

மூன்றாவது அமாவாசை ஆடியில் வந்தது. கோயிலுக்கு வடக்கே உழாமல் கிடந்த ஒரு கரம்பு நிலத்தில் வழக்கமான இடத்தில் கூடாரம் போட்டோம். நான், அம்மா, பெரியம்மா, அவர். சாயங்காலம் மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. முதல் காற்றிலேயே கித்தான் படபடத்தது. பெரியம்மா பதறிப்போய் வெளியே ஓடி ஒவ்வொரு கயிற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினார். பெரியப்பா வாசலில் குந்தியபடி, "மழ வர்து. கயித்தத் தளத்து" என்றார். பெரியம்மா காதில் வாங்கவில்லை. "தளத்து. புடுங்கிக்கும்" என்றார் மறுபடி. நிதானமாக, கேட்டுக்குப் போன காலத்துக் குரலில்தான் சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. பெரியம்மாவோ, "சும்மா குந்துங்களேன், உங்களோட பெரிய பேஜாராப் பூடுச்சி" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு அடுத்த முளைக்குப் போனார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாமான்களை நடுவே நகர்த்தும் அவசரத்தில் பெரியப்பா எப்போது வெளியே போனார் என்று யாருமே பார்க்கவில்லை. கயிறுகள் முறுகும் சத்தம் கேட்டது. முளைகள் பிடுங்கிக்கொண்டு, நடுக்கம்பு சாய்ந்து, நனைந்த கித்தான் மொத்தமும் எங்கள் தலைமேல் விழுந்தது. அதன் அடியில் மூச்சு முட்டி நான் கத்தினது நினைவிருக்கிறது. அம்மா என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். அடுத்த நிலத்தில் இருந்த பம்புசெட் அறைக்கு ஓடினோம். அங்கே போய் மூச்சு வாங்கின பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது. பெரியம்மா அந்த மழையிலேயே திரும்பி ஓடினார். கண்ணுக்கு எதிரே விரல் தெரியாத மழை. அவர் போட்ட கூப்பாடு அவருக்கே கேட்டிருக்காது.

மழை விட்டதும், வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே போய்ப் பார்த்தோம். கூடாரம் சேற்றோடு சேறாகப் படிந்து கிடந்தது. எல்லா முளைகளும் பிடுங்கிக்கொண்டு கிடந்தன, பின்பக்கத்து ஒன்றைத் தவிர. அந்த முளை அசையவே இல்லை. அதன் கயிறு மட்டும் தளர்ந்து, பெரியப்பா போடும் சுருக்கு முடிச்சில் பதமாக நின்றிருந்தது. பெரியம்மா அந்த முடிச்சைக் கையில் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சொல்லிப் பார்த்து யாரும் கேட்கவில்லை என்றதும் பெரியப்பாவே எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கியிருக்கிறார். ஒன்றை முடிப்பதற்குள் மற்றவை போய்விட்டன.

அவர் கிடைக்கவில்லை. ஏரி, கிணறு, கோயில் மண்டபம் என்று தேடாத இடமில்லை. போலீசில் எழுதிக்கொடுத்தோம். மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் அவர் சாயலில் ஒருவர் படுத்திருப்பதாக யாரோ சொல்லப் பெரியம்மா ஓடினார், அது வேறு யாரோ. கோலியனூர்ப் பக்கம் டீக்கடை வாசலில் பார்த்ததாக இன்னொருவர். அங்கேயும் ஓடினார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து ஒரே வார்த்தைதான். "மழ வுட்டதும் அவரு திரும்பி வந்துதான் இருப்பாரு பாப்பா. வந்து பாத்தா டென்ட்டு இல்ல. நாம இல்ல. எங்கன்னு போவாரு?"

அதற்கப்புறம் ஒரு ஆடி அமாவாசைகூடப் பெரியம்மா தவறவிடவில்லை. அதே கரம்பில் அதே இடத்தில் கூடாரம் நிற்கும். சிவப்பு ஒட்டு கோயிலைப் பார்த்திருக்கும். உள்ளே ஒரு பாய் அதிகமாக விரித்து, அதன்மேல் பெரியப்பாவின் துண்டை மடித்து வைப்பார். எவ்வளவு சாரல் அடித்தாலும் வாசல் துணியை இறக்க விடமாட்டார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அமாவாசையும் அதுவுமாக எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் அவர் ஆத்மா சாந்தியடையும் என்றார்கள். பெரியம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தவங்களுக்குத்தான் எள்ளுத் தண்ணி. தொலஞ்சி போனவருக்கு இன்னா குடுக்கறது? டென்ட்டுதான் குடுக்க முடியும்" என்றார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் பழைய கித்தான் இற்றுப்போனது. தொட்டால் தூளாக உதிர்ந்தது. எனக்குக் கல்யாணமாகி நான் விழுப்புரம் வந்திருந்த நேரம். பெரியம்மா என்னை அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் தார்ப்பாய் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் நீல நிற பிளாஸ்டிக் படுதாவை எடுத்துப் போட்டார். பெரியம்மா அதைத் தொடக்கூட இல்லை. அடுத்துக் கடைக்காரர் குடைபோல் விரியும் நைலான் கூடாரம் ஒன்றைக் காட்டினார். "இது காத்துல நிக்குமா?" என்றார் பெரியம்மா. "கொட்டாய் பறந்தாலும் இது பறக்காதுமா" என்றார் அவர். பெரியம்மா அதன் கம்பியை வளைத்துப் பார்த்துவிட்டு, "கொட்டாயே நின்னுடும் போலக்கீது" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசியில் கித்தான் சுருள்கள் வந்தன. பெரியம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வாயை வைத்து ஊதிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். நெருக்கமான நெசவுள்ள கனத்த காக்கி ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. அதற்கு மெழுகு கோட்டிங் கொடுத்திருப்பதாகக் கடைக்காரர் பெருமையோடு சொன்னார். "அடை மழைக்கும் அசையாதுமா. உள்ள இருந்து கை வெச்சாக்கூட ஒழுகாது."

"அப்டினா வேணாம்" என்றார் பெரியம்மா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

"கை வெச்சா ஒழுகறது இருக்குதா?"

"ஒழுகறதாமா வேணும்?" அந்த மனுஷர் தன் வியாபார ஆயுளில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.

"ஆமா. காத்துக்கு வுழக்கூடாது. மழைக்குக் கிழியக்கூடாது. கை வெச்சா மட்டும் ஒழுகணும்."

கோட்டிங் இல்லாத கனத்த பருத்திக் கித்தான் உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருந்தது. பெரியம்மா ஒரு பக்கத்தைத் தொட்டிபோல் தூக்கிப் பிடிக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். துணி நனைந்து, நூல் ஊறி, சொட்டாமல் நின்றது. பெரியம்மா அடியில் குனிந்து ஒரு விரலை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டு திரண்டது. விரலை அப்படியே ஓரத்துக்கு இழுத்தார். தண்ணீர் பின்னாலேயே வந்தது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுக்கடையில் நானும் அழுதேன், வெட்கமாவது ஒன்றாவது. திண்டிவனத்தில் அதைக் கூடாரமாகத் தைத்து, பழையதிலிருந்து சிவப்பு ஒட்டை மட்டும் வெட்டி இதில் பொருத்தினார். பெரியம்மா கண்மூடும்வரை அந்தக் கூடாரம் எந்தக் காற்றிலும் விழவில்லை.

அவர் போன பிறகு கூடாரம் எங்கள் பரணுக்கு வந்து சேர்ந்தது. அடுத்து வந்த ஆடி. பரண் மூட்டை கீழே இறங்கியதுமே என் வீட்டுக்காரர், "இன்னும் யாருக்காக?" என்றார். கேட்ட கேள்வி நியாயம்தான். முணுமுணுத்தபடியே அவரும் வந்து முளை அடித்தார், கயிறு கட்டினார், டீ குடிக்கக் கோயில் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் வானம் கருத்தது. நான் கூடாரத்தைச் சுற்றிவந்து கயிறுகளைத் தளர்த்திவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். பெரும் தூறல் தொடங்கியதும் ஒதுங்க இடமில்லாமல் ஒரு தாயும் மகனும் வாசலில் வந்து நின்றார்கள். மகனுக்கு முப்பது வயதிருக்கும். எதற்கு அழைத்துவந்திருக்கிறார்கள் என்று அவர் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே கூப்பிட்டேன். காலியாக இருந்தது பெரியப்பாவின் பாய்தான். அதிலேயே உட்காரச் சொன்னேன்.

மழை வலுத்தது. அந்த மகன் கையைத் தூக்கி ஒரு விரலைக் கித்தானில் வைத்தார். "கை வெக்காதடா, ஒழுகும்" என்று அந்த அம்மா அவர் கையில் பட்டென்று ஒன்று போட்டார். "வுடுங்கம்மா, வெக்கட்டும்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தைக் காட்டி, "அங்க இழுக்குது" என்றார். அந்த அம்மா கூனிக் குறுகிப்போய், "அவன் அப்டித்தாம்மா எதுனா சொல்லிக்கினே இருப்பான். நீங்க கண்டுக்காதீங்க" என்றார்.

நான் எழுந்து மழையில் ஓடினேன். பின்பக்கம் ஒரு வேலஞ்செடி மறைவில் என் வீட்டுக்காரர் கட்டிய கயிறு ஒன்று. அதை நான் பார்க்கவே இல்லை. நனைந்து, சுருங்கி, விண்ணென்று நின்றிருந்தது. முளை பாதிக்குமேல் வெளியே வந்திருந்தது. அதைத் தளர்த்தினேன். கூடாரம் ஒருமுறை குலுங்கி அடங்கியது. நான் உடனே உள்ளே போகவில்லை. மழைக்குள் நின்று கரம்பைச் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தேன். பெரியம்மா வருஷா வருஷம் வாசலில் உட்கார்ந்து எதைப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் இல்லை. வெறும் மழைதான்.

உள்ளே வந்தபோது அவர் விரலைக் கித்தானிலிருந்து எடுத்திருக்கவே இல்லை. தண்ணீர் முழங்கை வழியாகப் பாயில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓரம் வரைக்கும் இழுங்க, அது பாட்டுக்குப் போயிடும்" என்றேன். அவர் மெதுவாக, கொஞ்சம் வளைத்து, கீழேவரை இழுத்தார். அந்தக் கோடுதான் பரண்மேல் இருக்கிறது. அது பெரியப்பா போட்டது என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அதில் என்னை யாரும் திருத்த வர வேண்டாம்.